பிறைமர் இறுகினால் கையை எடு

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. மிதிவெடி அகற்றும் பயிற்சி முடித்து முகமாலைப் பக்கம் வேலைக்கு இறங்கிவிட்டாய் என்று அறிந்து சந்தோசம். முதல் கிழமை முழுக்க உன் பாதையில் ஒரு மிதிவெடிகூட வரவில்லை, வந்ததெல்லாம் ரவைக் கோதுதான், இதற்கா இவ்வளவு கவசமும் கட்டுப்பாடும் என்று கேட்டிருக்கிறாய். கனடாவில் இருக்கும் உன் மச்சான் அனுப்பிய வீடியோ பற்றியும் எழுதியிருக்கிறாய். அங்கே குறிபார்த்துச் சுடும் கழகத்துக்காரர் வெற்றுக் கோதுகளைத் துப்புரவாக்கி மறுபடி நிரப்புகிறார்கள், புதுப் பிறைமர் குழிக்குள் இறங்காமல் இறுகினால் என்ன செய்வது என்று காட்டுகிறார்கள், அவர்கள் வெறுங்கையால் எடுத்து வைப்பதை நாங்கள் மட்டும் ஏன் தொடக்கூடாது என்கிறாய். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. கோதின் அடியில், நடுவில், மிளகளவில் பதிந்திருக்கும் அந்த வட்டத்தில்.

ரவையின் உள்ளே இருக்கும் மருந்து எரிகிற பொருள். அதை எரிய வைப்பது அந்த வட்டம், அதாவது பிறைமர். அடிபட்டவுடன் வெடிப்பதற்கென்றே செய்த பொருள் அதற்குள் இருக்கிறது. பழைய காலத்தில் பாதரசச் சேர்மம், இப்போது பெரும்பாலும் ஈயச் சேர்மம். அளவு மிகக் கொஞ்சம். ஆனால் தட்டினால், உரசினால், சூடாக்கினால் அது தன் வேலையைச் செய்யும். கண்ணுக்கும் விரலுக்கும் அந்தக் கொஞ்சமே போதும்.

இராணுவத்துக்குச் செய்யும் ரவைகளில் பிறைமரைக் குழிக்குள் இறக்கிய பிறகு, சுற்றியுள்ள பித்தளையை நசுக்கி இறுக்கிவிடுவார்கள். இயந்திரத் துவக்கு அதிரும் அதிர்ச்சியில் பிறைமர் பின்னால் கழன்று பொறிக்குள் விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. உன் மச்சானின் கழகத்துக்காரர் அப்படிப்பட்ட கோதை வாங்கிப் பழைய பிறைமரை எடுத்தபின், நசுக்கிய விளிம்பு குழியின் வாயிலேயே நின்றுவிடும். புதியது அதில் முட்டும். முறையாகப் பழகியவர் அங்கே நிறுத்தி, கோதை ஒதுக்கி வைத்து, முதலில் அந்த விளிம்பை வழித்துக் குழியைச் சரிசெய்வார். பழகாதவர் கையை இன்னும் கொஞ்சம் அழுத்துவார். விபத்து அந்த ‘இன்னும் கொஞ்ச’த்தில்தான் நடக்கிறது. அந்த வீடியோவிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றைத்தான். இறுகினால் கையை எடு.

மற்றபடி அவர்களுடைய நிலை வேறு, எங்களுடையது வேறு. அவர்கள் கையில் இருக்கும் கோது சுட்டு முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியும். உலர்ந்த பெட்டியில் இருந்தது. அனுமதிப்பத்திரம் இருக்கிறது. உன் பாதையில் வருவது யார் சுட்டது, சுட்டதா சுடாததா, எத்தனை மாரி தண்ணீருக்குள் கிடந்தது என்று எவருக்கும் தெரியாது. அதோடு மச்சானுக்கு இதையும் சொல். இங்கே அதிகம் கிடக்கும் சீனத்து 7.62 மில்லிமீற்றர் கோதுகளில் பல வெறும் இரும்பு, மேலே செப்புப் பூச்சு மட்டும். பிறைமர்க் குழியில் நடுத்துளைக்குப் பதில் ஓரமாக இரண்டு சின்னத் துளைகள். மறுபடி நிரப்புகிறவர்களே அந்த வகையை எறிந்துவிடுவார்கள். ஊரிலிருந்து நினைவாக ஒன்று அனுப்பு என்று அவர் கேட்டால் மறுத்துவிடு. 1916 இல் வந்த துவக்குச் சட்டமும் 1956 இல் வந்த வெடிபொருள் சட்டமும் இந்த நாட்டில் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன.

இனி உன் முதல் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முதலில், முகமாலையில் ஏன் இவ்வளவு கோது என்று தெரியவேண்டும். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் புலிகளிடம் விழுந்த பிறகு முன்னரண் முகமாலை, நாகர்கோவில் பக்கம் போய் நின்றது. 2002 போர்நிறுத்தம் வந்தது, 2006 ஓகஸ்ட்டில் மறுபடி சண்டை வெடித்து ஏ9 வீதி மூடப்பட்டது. 2009 ஜனவரி வரை அந்தக் கோடு பெரிதாக நகரவில்லை. ஒரே மண்ணணையில் நின்று ஒரே திசைக்குச் சுட்டார்கள். கோதுகள் அதே மண்ணில் விழுந்தன. மேலே செல் விழுந்து மண்ணைப் புரட்டியது, புரண்ட மண்ணில் மறுபடி கோது விழுந்தது. அதனால்தான் அங்கே உலோகம் தேடும் டிற்றெக்ரரை வைத்த இடமெல்லாம் சத்தம் வருகிறது.

இதில் நீ புரிந்துகொள்ள வேண்டிய கொடுமை ஒன்று இருக்கிறது. பித்தளைக் கோது டிற்றெக்ரரில் கத்தும், மிதிவெடி முனகும். பாகிஸ்தானின் பி4 ஐப் பார்த்துப் புலிகள் செய்த ரங்கன் 99 ஆகட்டும், சீனத்து ரைப் 72 ஆகட்டும், உடம்பு பிளாஸ்ரிக், உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். ஜொனி மிதிவெடியின் பெட்டி மரம். ஒரு கோது மேலே கிடந்தால் அதன் சத்தம் கீழே இருப்பதன் சத்தத்தை விழுங்கிவிடும். ஆகவே கோதை எடுத்துவிட்டாய் என்பதால் அந்த இடம் முடிந்துவிடவில்லை. எடுத்த குழியின் மேலேயே டிற்றெக்ரரை மறுபடி கொண்டுபோ. சத்தம் இல்லை என்றான பிறகுதான் துப்புரவான எல்லையைக் காட்டும் அளவுத்தடியை முன்னே நகர்த்த வேண்டும். ஒரே மாதிரிக் கோது வரிசையாக வரும் நாட்களில் இந்த இரண்டாவது பார்வையைத்தான் கை முதலில் கைவிடுகிறது. ‘இதுவும் கோதுதான்’ என்று மனது முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பை நீ ஏற்கக்கூடாது, பிள்ளை.

உன் தளத்தில் டிற்றெக்ரரை விட்டுவிட்டு றேக்கால் மண்ணை வழிக்கச் சொன்னால், அதைப் பின்தங்கிய வேலை என்று நினைத்துவிடாதே. 2002 இற்குப் பிறகு நோர்வே மக்கள் உதவி அமைப்பினர் வன்னிப் பணியாளர்களோடு சேர்ந்து வளர்த்தெடுத்த முறை அது. சத்தம் நிறைந்த மண்ணில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனியாகத் தோண்டுவதைவிட, மண்ணையே மெல்லிய படையாக வழித்து எடுப்பது நிச்சயமானது என்று இங்கேதான் கண்டார்கள். பின்னர் யோர்தானிலும் அதைப் பயன்படுத்தினார்கள். உலகத்துக்கு எங்கள் மண் கொடுத்த தொழில் முறை என்று நான் பெருமையாகத்தான் சொல்வேன். நீண்ட பிடி, உன் பக்கமாக இழுக்கும் இழுவை, மேலிருந்து ஒருபோதும் குத்தாத பல். மிதிவெடி பாரத்துக்கு வெடிக்கும் இடம் அதன் தலை. றேக் அதன் விலாவைத்தான் தொட வேண்டும்.

தனிச் சத்தமென்றால் உனக்குச் சொல்லித் தந்தபடியே செய். சத்தத்தின் நடுவைக் குறி, ஒரு சாண் உன் பக்கமாகப் பின்வாங்கி அங்கே குழியைத் தொடங்கு, முன்னோக்கி, சாய்வாகப் போ. முகமாலை மணல் இலகுவாக விட்டுக்கொடுக்கும், அதனால் கை வேகம் பிடிக்கும். உள்ளே ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்துச் செம்மண் கோடையில் கல்லாகிவிடும், அதனால் கை பலம் பிடிக்கும். இரண்டுமே கூடாது. பனை வேரில் முட்டும்போதும், இறுகிய மண்ணில் முட்டும்போதும், கோதில் முட்டும்போதும் மண்ணைத் துளாவும் ஊசியின் நுனி ஒரே பதிலைத்தான் தரும்: ‘இறங்க மாட்டேன்.’ அங்கே செய்ய வேண்டியது ஊசியை வெளியே எடுத்து, பக்கத்து மண்ணை நனைத்து, ஓரத்தால் உரித்து, என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதுதான். கண் பார்க்கும்வரை கைக்கு அவசரம் இருக்கக்கூடாது.

இப்போது ஒரு கோது முழுசாக வெளியே வந்துவிட்டது என்று வை. பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. முன்வாய் திறந்து உள்ளே மண் அடைத்திருக்கிறது. அடியில் பிறைமரின் நடுவே சின்னப் பள்ளம். சுட்டது, வெறும் கோது என்று உன் பக்கத்துப் பாதைக்காரி சொல்வாள். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பள்ளம் துவக்கின் ஊசி அடித்ததற்கு மட்டுமே சாட்சி, பிறைமர் வெடித்ததற்குச் சாட்சி ஆகாது. அடிபட்டும் வெடிக்காமல் விட்ட ரவையை வீரர்கள் கையால் இழுத்து வெளியே எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றுவார்கள். அது அப்படியே மண்ணில் கிடக்கும். ஈரத்தில் கோதில் வெடிப்பு விழுந்து, சன்னம் கழன்று, மருந்து சிதைந்து போனாலும், அடியில் உயிரோடு ஒரு பிறைமர் இருக்கலாம். பார்வைக்கு அது வெற்றுக் கோதுதான்.

பித்தளை வெடிப்பது என்றேன், அதன் கதையையும் கேள். ரவைப் பித்தளை எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். ஆங்கிலேயர் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் ரவைகளை அடுக்கி வைத்தார்கள். மழை முடிந்து எடுத்தபோது கோதுகளில் கீறல் கீறலாக வெடிப்பு. பல ஆண்டு கழித்து, 1921 அளவில்தான் காரணம் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், கோதை இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து அதைப் பிளந்திருந்தன. இந்தக் கதை எனக்கு வெறும் சரித்திரம் அல்ல. எங்கள் சனம் மீளக் குடியேறிய வளவுகளில் மாட்டுப் பட்டியும் மலசலகூடமும் பழைய பதுங்குகுழியின் மேலேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வரும் கோதைக் கையில் எடுத்து வளைத்துப் பார்க்கும் ஆர்வம் உனக்கு வேண்டாம்.

உருவத்தை நம்பி ஏமாறக்கூடிய இன்னும் இரண்டு பொருள்களைச் சொல்லிவிடுகிறேன். 12.7 மில்லிமீற்றர் ரவையைக் கண்டு பழகிய கண்ணுக்கு 23 மில்லிமீற்றர் ஒன்று வந்தால் ‘கொஞ்சம் பெரிய ரவை’ என்றுதான் படும். அதன் முன்பகுதியில் தனி வெடிமருந்தும் அதை வெடிக்கவைக்கும் பொறியும் இருக்கக்கூடும். அது ஒரு சின்னச் செல். 40 மில்லிமீற்றர் எறிகுண்டு உருண்டை மூக்கோடு விளையாட்டுச் சாமான் போல அழகாக இருக்கும். இரண்டையும் கண்ட இடத்திலேயே குறியிட்டு, பின்வாங்கி, குழுத் தலைவரைக் கூப்பிடு. அடையாளம் சொல்வது உன் வேலை இல்லை.

வேலைத்தளத்துக்கு வெளியேயும் இது தொடரும். பித்தளைக்கு விலை உண்டு. பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் கிலோக் கணக்கில் கொடுத்து அன்றைய அரிசியை வாங்கிய குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ. 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீடில்லாமல், தொழிலில்லாமல் திரும்பி வந்த சனத்துக்கு மண்ணில் கிடந்த உலோகம்தான் முதல் வருமானமாக இருந்தது. அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். கையும் கண்ணும் இழந்தவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள், சிறு பிள்ளைகளும். கோதை வாளியில் போட்டுக் கல்லால் நசுக்கி இடத்தைக் குறைப்பதைக் கண்டால் ஏச்சுப் பேசாதே. பக்கத்தில் இரு, அந்தச் சின்ன வட்டத்தைக் காட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல். தெரிந்தால் சனம் கேட்கும். குப்பை கொழுத்தும்போது வெடித்தது என்று அடிக்கடி வரும் செய்திகளின் பின்னால் இருப்பதும் மண்ணுக்குள் கிடந்த இப்படியான பொருள்கள்தான். புது வளவில் குப்பையை நேரே நிலத்தில் கொழுத்த வேண்டாம் என்று உன் அம்மாவிடமிருந்தே சொல்லத் தொடங்கு.

வேகம் பற்றி உன்னை யாராவது நெருக்கலாம். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது, 2018 யூன் 1 அன்று அது எங்களுக்கு நடைமுறைக்கு வந்தது, துப்புரவாக்கி முடிக்கப் பத்து ஆண்டுத் தவணை 2028 யூன் 1. அந்தத் திகதி கூட்டங்களில் பேசப்படும், பலகைகளில் எழுதப்படும். நல்ல நோக்கம்தான், நானும் அதை விரும்புகிறேன். ஆனால் திகதியைத் தாங்குவது திட்டம் போடுகிறவர்களின் பொறுப்பு. உன் பொறுப்பு உனக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு மீற்றர் அகலப் பாதை. இன்றைக்கு எத்தனை மீற்றர் என்று கேட்டால் செய்த அளவைச் சொல். பக்கத்துப் பாதைக்காரியின் அளவோடு உன்னுடையதை ஒப்பிடாதே, அவளுடைய மண்ணில் எத்தனை கோது கிடந்தது என்று உனக்குத் தெரியாது.

வெயில் ஏறும்போது முகக்கவசத்தை நெற்றிக்குத் தூக்கிவிட மனது சொல்லும். தூக்காதே. பத்து நிமிசம் முந்தி இடைவேளை கேள், தண்ணீர் குடி, நிழலில் வைத்துக் கழற்று. கடைசியாக ஒன்று. திங்கள் காலை பாதைக்குள் இறங்குமுன் உன் முகக்கவசத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். மணல் உரசிக் கீறல் விழுந்து மங்கியிருந்தால், மாற்றித் தரச் சொல்லிக் கேள். புதிதாக வந்தவள் என்று கூச்சப்படாதே. தரும்வரை பாதைக்குள் இறங்காதே.

அன்புடன்,
உன் அக்கா
கிளிநொச்சி