அத்திப்பழத்து ஈஸ்டும் ஓயாத திருத்தமும்

கேள்வி: ரொட்டி ஈஸ்டின் மரபணுத்தொகுதி முழுவதையும் 1996-லேயே படித்து முடித்துவிட்டார்கள் என்கிறார்கள். அப்படியிருக்க, ஈஸ்ட் ஆராய்ச்சியாளர்களுக்கென்று இணையத்தில் உள்ள மரபணுத் தகவல்தளத்தை இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்களே, ஏன்? அது எப்படித் தோன்றியது?

பதில்: 1996-ல் முடிந்தது எது என்று முதலில் பார்த்துவிடலாம். ஐரோப்பா, அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளின் ஆய்வகங்களில் சுமார் 600 விஞ்ஞானிகள் ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டு, சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்டின் 16 குரோமோசோம்களிலும் உள்ள டி.என்.ஏ. எழுத்துகளை வரிசைப்படுத்தினார்கள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் எழுத்துகள். உட்கரு உள்ள உயிரணுவைக் கொண்ட ஓர் உயிரியின் மரபணுத்தொகுதி முழுமையாகக் கைக்கு வந்தது அதுவே முதல் முறை. அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் கைக்கு வந்தது எழுத்து வரிசை மட்டுமே. இடைவெளியோ நிறுத்தக்குறியோ இல்லாத அந்த வரிசையில் ஒரு மரபணு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதிலிருந்து உருவாகும் புரதம் என்ன செய்கிறது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். சொன்னதில் தவறு இருந்தால் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்காகவே பிறந்தது இந்தத் தகவல்தளம். ஆகவே புதுப்பித்தலை அதன் பராமரிப்புச் செலவாகப் பார்ப்பது சரியல்ல என்பது என் கருத்து. அது இருப்பதே அந்த வேலைக்காகத்தான்.

அதன் வேர் எழுத்து வரிசைக்கும் முந்தியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மார்ட்டிமர் 1960-களிலிருந்து ஈஸ்டின் மரபணு வரைபடங்களை வெளியிட்டுவந்தார். வெவ்வேறு ஈஸ்ட் வகைகளைக் கலப்பு செய்து, எந்தப் பண்பு எதோடு சேர்ந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்று கணக்கிட்டு, குரோமோசோமில் மரபணுக்களின் இடத்தைக் குறிப்பது அந்த நாளைய முறை. உலகெங்கும் பல ஆய்வகங்கள் கண்டுபிடித்தவற்றை ஒன்றுசேர்த்து, முரண்பட்டவற்றைத் தீர்த்து, பதிப்புக்குப் பதிப்பு திருத்தி வெளியிட்டார். இந்த வழக்கத்தைத்தான் 1990-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்ஸ்டைன், மைக்கேல் செர்ரி ஆகியோரின் குழு கணினிக்குக் கொண்டுவந்தது. அதுவே இன்று எஸ்.ஜி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சாக்கரோமைசிஸ் மரபணுத்தொகுதித் தகவல்தளம்.

எந்த ஈஸ்டின் எழுத்து வரிசை அது என்பதும் முக்கியம். 1938-ல் கலிஃபோர்னியாவின் மெர்சட் என்ற ஊரில் அழுகிக் கிடந்த ஓர் அத்திப்பழத்திலிருந்து எமில் ம்ராக் என்பவர் ஓர் ஈஸ்டைப் பிரித்தெடுத்தார். அதன் வழிவந்த சந்ததிகளைக் கலந்து மார்ட்டிமர் உருவாக்கிய எஸ்288சி என்ற வகைதான் இன்று உலகம் முழுவதற்கும் மூலப்படி. அதன் மரபணுக்களில் பெரும்பங்கு அந்த அத்திப்பழத்து ஈஸ்டிடமிருந்து வந்தவை. ஆய்வகத்தில் கையாள எளிதாக, அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாத வகையாகப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்தார். அப்படி ஒட்டாமல் இருப்பதற்கு எஃப்எல்ஓ8 என்ற மரபணு அதில் பழுதாகிக் கிடப்பதே காரணம் என்பது பின்னால் தெரியவந்தது. உலகமே ஒப்பிட்டுப் பார்க்கும் மூலப்படியில் சில மரபணுக்கள் வேலை செய்யாத நிலையில் இருக்கின்றன! இதை எழுத்து வரிசை தானாகச் சொல்லாது. யாராவது சோதித்து, இன்னொருவர் அதைப் படித்து, அந்த மரபணுவின் பக்கத்தில் குறித்துவைத்தால்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

எழுத்துகளிலும் பிழை இருந்தது. அத்தனை ஆய்வகங்கள் வெவ்வேறு முறைகளில் செய்த வேலையில் அது இல்லாதிருந்தால்தான் வியப்பு. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில் புரதம் கட்டப்படுவதால், நடுவில் ஓர் எழுத்து விடுபட்டாலும் அதற்குப் பிறகு வரும் எல்லா மூன்றெழுத்துகளும் இடம் பெயர்ந்துவிடும். ஒரே மரபணு இரண்டாகத் தோன்றும். அல்லது பாதியில் முடிந்துபோனதாகத் தோன்றும். தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்த தகவல்தளம், பிறகு ஒரே ஈஸ்ட் குடியிருப்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் புதிய கருவிகளால் முழுவதையும் மறுபடி வாசித்து, 2011 பிப்ரவரியில் 64-ஆம் பதிப்பை வெளியிட்டது. அதன்பின் எழுத்து வரிசை நிலைபெற்றுவிட்டது என்றே சொல்லலாம். மாறிக்கொண்டிருப்பது அந்த எழுத்துகளுக்கு நாம் தரும் பொருள்.

அந்தப் பொருளில் எவ்வளவு ஊகம் கலந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று. 1996-ல் மரபணுக்களை எண்ணியபோது, குறைந்தது 100 அமினோ அமிலம் நீளமுள்ள புரதத்தைத் தரக்கூடிய பகுதிகளை மட்டுமே மரபணு என்று வைத்துக்கொண்டார்கள். ஏதாவது ஓர் எல்லைக்கோடு வேண்டுமே! அப்படி எண்ணியபோது கிட்டத்தட்ட 6,000 வந்தது. 2003-ல் மனோலிஸ் கெல்லிஸும் அவருடைய சகாக்களும் இந்த ஈஸ்டின் நெருங்கிய உறவினங்கள் மூன்றின் மரபணுத்தொகுதியையும் வாசித்து, நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒரே நூலின் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடத்தைத் தீர்மானிப்பதற்கு நெருங்கிய வேலை இது. உண்மையான மரபணுவாக இருந்தால், லட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த பிறகும் அதன் அமைப்பைக் காக்கும் விதமாகவே மாற்றங்கள் நேர்ந்திருக்கும். வெறும் தற்செயலான எழுத்துத் தொடராக இருந்தால் கண்டபடி சிதைந்திருக்கும். இந்த அளவுகோலில் சுமார் 500 ‘மரபணுக்கள்’ மரபணுக்களே அல்ல என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். எல்லைக்கோட்டுக்குக் கீழே விடுபட்டுப்போன சின்னஞ்சிறு மரபணுக்கள் சிலவும் அதே ஒப்பீட்டில் கிடைத்தன.

இந்த முடிவைத் தகவல்தளம் எப்படி ஏற்றது என்பதில்தான் அதன் முதிர்ச்சி தெரிகிறது. சந்தேகத்துக்கு உள்ளானவற்றை அழித்துவிடவில்லை. உறுதியானவை, பண்பு இன்னும் தெரியாதவை, ஐயத்துக்குரியவை என்று பிரித்துக் குறித்துவைத்தது. காரணம் இருக்கிறது. ஈஸ்டின் ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியாக நீக்கி, என்ன ஆகிறது என்று பார்க்கும் பெருந்திட்டம் ஏற்கெனவே நடந்திருந்தது. அதில் ஐயத்துக்குரிய பகுதிகளும் நீக்கப்பட்டிருந்தன. அப்படி ஒரு பகுதி உண்மையான மரபணு ஒன்றின் மேல் படிந்திருந்தால், இதை நீக்கும்போது அதுவும் சேர்ந்து கெடும். விளைவு தவறான பெயரில் பதிவாகும். பெயரை அடியோடு நீக்கிவிட்டால் பழைய கட்டுரையைப் படிப்பவருக்கு இந்தக் குழப்பத்தை அவிழ்க்க வழியே இருக்காது.

கேள்வி: ஆராய்ச்சிக் கட்டுரைகள்தாம் இருக்கின்றனவே. வேண்டியவர்கள் தேடிப் படித்துக்கொள்ளலாம் அல்லவா? தகவல்தளம் அடிக்கடி மாறினால் அதை நம்பி வேலை செய்வதும் கடினம்தானே?

பதில்: முதல் பகுதிக்கு, 2016-ல் யோஷினோரி ஒசுமிக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆராய்ச்சியே விடை. உயிரணு தன் பழைய பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் தன்னுண்ணல் என்ற நிகழ்வுக்குத் தேவையான 15 மரபணுக்களை அவர் 1993-ல் ஈஸ்டில் கண்டறிந்தார். அவர் வைத்த பெயர்வரிசை ஏபிஜி. அதே நிகழ்வை வேறு வழிகளில் துரத்திக்கொண்டிருந்த மற்ற குழுக்கள் ஏயூடி என்றும் சிவிடி என்றும் பெயர் வைத்தன. ஏபிஜி1, ஏயூடி3, சிவிடி10 மூன்றும் ஒரே மரபணு என்பது, மூன்று குழுக்களின் கட்டுரைகளையும் படித்து ஒப்பிட்டவருக்கு மட்டுமே தெரியும். ஒரு பெயரில் தேடும் மாணவருக்கு மற்ற இரண்டு பெயர்களில் உள்ள கட்டுரைகள் கண்ணில் படாது. 2003-ல் அந்தத் துறையினர் கூடிப் பேசி ஏடிஜி என்ற ஒரே வரிசைக்கு மாறினார்கள். இன்று எந்தப் பழைய பெயரைத் தட்டினாலும் தகவல்தளம் ஏடிஜி1-க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கட்டுரைகள் எவ்வளவு இருந்தாலும் இந்த இணைப்பு அவற்றுக்குள் இல்லை. அதை வெளியிலிருந்து ஒருவர் செய்து தர வேண்டியிருக்கிறது.

மாற்றம் நம்பகத்தைக் குலைக்கும் என்ற இரண்டாவது தடையில் நியாயம் உண்டு. 2005-ல் செய்த கணக்கை இன்றைய பதிப்போடு ஒப்பிட்டால் முடிவு மாறலாம். அதற்கு மாற்றத்தை நிறுத்துவது தீர்வாகாது. மாற்றத்தின் வரலாற்றைக் காப்பாற்றுவதே தீர்வு. எஸ்.ஜி.டி.யில் ஒவ்வொரு குரோமோசோமிலும் எந்த எழுத்து எப்போது திருத்தப்பட்டது என்ற பதிவு இருக்கிறது. பழைய பதிப்புகளும் கிடைக்கின்றன. மரபணுவின் பெயர் மாறினாலும் அதற்குத் தரப்பட்ட அடையாள எண் மாறுவதில்லை. பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் கட்டுரை எழுதுபவர்களால் வரும் சிக்கலுக்குத் தகவல்தளத்தின் மேல் பழி போடுவது முறையாகாது.

கேள்வி: இதையெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து படிக்க வேண்டுமா? கணினியே செய்துவிடாதா? அதுவும் வெறும் ஈஸ்டுக்காக இவ்வளவு பணமா?

பதில்: பணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஃபிரீட்ரைக் அட்டாக்சியா என்ற நரம்பு நோய்க்குக் காரணமான மனித மரபணு 1996-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புரதம் என்ன செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. அதற்கு இணையான மரபணு ஈஸ்டில் இருந்தது. அதை நீக்கிப் பார்த்தபோது மைட்டோகாண்டிரியாவில் இரும்பு தேங்குவது அடுத்த ஆண்டே தெரிந்தது. நோயாளிகளின் உடலில் எதைத் தேடுவது என்பதற்கு அது திசை காட்டியது. 2015-ல் டெக்சாஸ் விஞ்ஞானிகள், ஈஸ்ட் உயிர்வாழ இன்றியமையாத 414 மரபணுக்களை எடுத்து, ஒவ்வொன்றின் இடத்திலும் அதற்கு இணையான மனித மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதி இடங்களில் மனித மரபணு அந்த வேலையைச் செய்தது. நூறு கோடி ஆண்டு அளவில் பிரிந்துபோன இரு உயிர்களுக்கிடையே இது! இத்தகைய சோதனையைத் திட்டமிட, எது எதற்கு இணை, எது இன்றியமையாதது என்ற பட்டியல் சரியாக இருக்க வேண்டும்.

கணினியைப் பற்றி: ஈஸ்ட், பழ ஈ, சுண்டெலி ஆகிய மூன்றின் தகவல்தளங்கள் சேர்ந்து 1998-ல் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி என்ற திட்டத்தில், ஒரு புரதம் என்ன செய்கிறது, எந்த நிகழ்வில் பங்கெடுக்கிறது, உயிரணுவில் எங்கே இருக்கிறது என்பதைப் பொதுவான சொற்களில் பதிகிறார்கள். ஒவ்வொரு பதிவோடும், அது நேரடிச் சோதனையால் அறிந்ததா, ஒப்புமையால் ஊகித்ததா, கணினி மட்டும் சொன்னதா என்ற குறியீடும் சேர்கிறது. கணினியின் ஊகத்துக்கு அங்கே இடம் உண்டு. அது ஊகம் என்று தெரியும்படி வைத்திருக்கிறார்கள். அந்த ஊகமும் பெரும்பாலும் ஆட்கள் படித்துப் பதிந்தவற்றை ஆதாரமாகக் கொண்டே பிறக்கிறது. அடிப்படைப் பதிவில் ஒரு தவறு புகுந்தால் ஒப்புமை வழியே அது ஆயிரம் உயிரிகளின் மரபணுப் பக்கங்களுக்குப் பரவும். எந்தக் கட்டுரையைப் படிப்பது என்று வரிசைப்படுத்தக் கணினி நன்றாகவே உதவும். ஆனால் ஒரு சோதனையின் முடிவு அதன் ஆசிரியர்கள் சொல்லும் அளவுக்கு உறுதியானதா, நீக்கியது அந்த மரபணுவை மட்டும்தானா, பக்கத்து மரபணுவும் சேர்ந்து கெட்டதா என்று நிதானிப்பதற்கு அந்தத் துறையில் பழகிய ஒரு வாசகர் வேண்டும்.

அப்படிப்பட்ட வாசகர்களுக்குச் சம்பளம் தருவதில்தான் உலகம் தடுமாறுகிறது. அரபிடாப்சிஸ் என்ற செடியின் தகவல்தளத்துக்கு அமெரிக்க அரசின் அறிவியல் நிதி நின்றுபோனதால் அது சந்தா முறைக்குப் போனது. எஸ்.ஜி.டி. அமெரிக்க தேசிய மனித மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தின் நிதியில் நடந்து, எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்துவருகிறது. சிறிய கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்யும் மாணவருக்கும் ஸ்டான்ஃபோர்டு மாணவருக்கும் ஒரே பக்கம் திறக்கிறது. செலவைப் பகிர்ந்துகொள்ள 2016-ல் ஈஸ்ட், புழு, பழ ஈ, வரிக்குதிரை மீன், சுண்டெலி, எலி ஆகியவற்றின் தகவல்தளங்கள் ஜீன் ஆன்டாலஜியோடு சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. மென்பொருளைப் பொதுவாக வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். படிப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க அது சாக்காகிவிடக் கூடாது. ஏனென்றால் வேலை கூடிக்கொண்டே போகிறது. 2018-ல் உலகின் பல பகுதிகளிலிருந்து சேகரித்த 1,011 ஈஸ்டுகளின் மரபணுத்தொகுதிகள் வெளியாயின. அவை அனைத்தையும் சேர்த்தால் மரபணு எனத் தக்க பகுதிகள் 7,796. அவற்றில் 2,856 சில ஈஸ்டுகளில் மட்டுமே உள்ளவை. அத்திப்பழத்து ஈஸ்டின் வழிவந்த மூலப்படியில் இல்லாத மரபணுக்களுக்கும் இனிப் பெயரும் பக்கமும் வேண்டும். மூலப்படியிலேயே சில நூறு மரபணுக்களின் வேலை என்னவென்று இன்னும் தெரியவில்லை.