விமானப் பயணியும் இழப்பீட்டு உரிமையும்

விமானப் பயணம் செல்வந்தர்க்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றிலும் மறையவில்லை. ஆனால் நம் கல்லூரியைச் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து துபாய்க்கும் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் செல்வோர் செல்வந்தர் அல்லர். நகையை அடகு வைத்து டிக்கெட் எடுப்பவர்கள். அவர்கள் ஏற வேண்டிய விமானம் திடீரென ரத்தானால் சட்டம் அவர்களுக்கு என்ன தருகிறது என்பதை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

உள்நாட்டு விமானங்களைப் பொறுத்தவரை, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010ஆம் ஆண்டு விதிகளை வகுத்தது. பின்னர் அவை திருத்தவும் பட்டன. விமானம் ரத்தாவதை உரிய காலத்தில், குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்னரேனும், பயணிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால், மாற்று விமானம் தர வேண்டும், அல்லது டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதோடு இழப்பீடும் தர வேண்டும். ஒரு மணி நேரம் வரையிலான பயணத்திற்கு ரூ.5,000, இரண்டு மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவ்விரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். ரூ.2,500 கட்டணத்தில் சென்றவருக்கு ரூ.2,500தான். ‘எது குறைவோ அது’ என்னும் அச்சிறு தொடர் விதியின் பாதியை விழுங்கிவிடுகிறது என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதியோ டிக்கெட்டின் விலையைப் பார்ப்பதில்லை. தூரத்தைப் பார்த்து 250 முதல் 600 யூரோ வரை தருகிறது.

இனி, காரணம் என்ன என்ற கேள்விக்கு வருவோம். இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும் நம் மாவட்டம் வெள்ளத்தில் தவித்ததையும் நாம் மறக்கவில்லை. அன்று சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. புயல் நிறுவனத்தின் கைமீறியது. ஆதலின் ரத்தான விமானத்திற்குப் பணம் திரும்பக் கிடைக்குமே தவிர இழப்பீடு கிடையாது. ஆனால் 2025 டிசம்பர் 3 முதல் 5 வரை இண்டிகோ நிறுவனத்தின் 2,507 விமானங்கள் ரத்தானதற்கு வானிலையைக் குறை கூற முடியாது. விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளுக்கு நிறுவனம் போதிய அளவு ஆயத்தமாகவில்லை என்பதே விசாரணையில் தெரியவந்தது. மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் தவித்தனர். இயக்குநரகம் 2026 ஜனவரியில் ரூ.22.20 கோடி அபராதம் விதித்தது.

காரணம் இயற்கையே ஆனாலும் நிறுவனம் கைகழுவிவிட முடியாது. 2007 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஐதராபாத் செல்லும் விமானம் மூடுபனியால் பல மணி நேரம் தாமதமானது. அவ்வழக்கில் 2011இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் தாமதத்திற்கு நட்டஈடு இல்லை என்றது. ஆயினும் காத்திருக்கும் பயணிக்கு உரிய வசதிகளைச் செய்வது கடமை என்றும், குறைந்த கட்டண நிறுவனம் என்பதால் அக்கடமையிலிருந்து விலக்கில்லை என்றும் கூறியது.

நம் ஊரார் அறிய வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. தொடர்பு விவரத்தைச் சரிவரத் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்கிறது விதி. ஏஜெண்டுகள் பலர் டிக்கெட்டில் தங்கள் கைபேசி எண்ணையே பதிந்துவிடுகின்றனர். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் மும்பை செல்ல இரவுப் பேருந்தில் மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்த பிறகே விமானம் இல்லை என்பதை அறிந்தார். ரத்துச் செய்தி முந்தைய நாளே ஏஜெண்டுக்கு வந்திருக்கிறது! நிறுவனம் ‘நாங்கள் அறிவித்துவிட்டோம்’ என்றது. டிக்கெட் எடுக்கும்போதே ‘என் எண்ணைப் போடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அன்றைய பேருந்துச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

வெளிநாட்டுப் பயணத்திற்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா அதில் 2009இல் சேர்ந்தது. தாமதத்தால் நேர்ந்த இழப்பை நாமே மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே விடுதி ரசீது, புதிய டிக்கெட், வேலையில் சேர வேண்டிய தேதியைக் குறிக்கும் கடிதம் ஆகிய யாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். ரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது அதனினும் முக்கியம், வாய்மொழிக்குச் சான்றில்லை.

நிறுவனத்திற்கு எழுதியும், ‘ஏர் சேவா’ தளத்தில் முறையிட்டும் பயனில்லையெனில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் டெல்லியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பயணி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூரிலேயே, புகார் தரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. புகாரைத் தருவதற்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு.