கோடைப் பயிருக்குத் தண்ணீரே தடுப்பூசி

டென்மார்க்கின் கடல் பண்ணைகளில் வசந்தம்தான் மீன் விடும் காலம். ஜட்லண்டின் நன்னீர்ப் பண்ணைகளில் வளர்ந்த வானவில் ட்ரவுட் மீன்களை, கடல் கொஞ்சம் சூடேறியதும் வலைக்கூண்டுகளுக்கு மாற்றுவார்கள். குளிர் கடுமையாவதற்குள் அறுவடை முடிந்துவிடும். கடலுக்குப் போகுமுன் மீனுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். விப்ரியோசிஸ், ஃபியூரன்குலோசிஸ் ஆகிய பாக்டீரியா நோய்களுக்கு அது.

அப்படியும் ஜூலை, ஆகஸ்டில் கடல் 20 டிகிரியை நெருங்கும்போது நோய் தலைகாட்டத்தான் செய்கிறது. அங்கே கால்நடை மருத்துவர் எழுதித் தந்தால்தான் ஆன்டிபயாடிக். நாட்டின் ஆன்டிபயாடிக் கணக்கு 1995இல் தொடங்கிய டான்மாப் திட்டத்தின் ஆண்டறிக்கையில் வெளியாகிறது. வெயில் கூடினால் மீன் பண்ணைகளின் மருந்துப் பயன்பாடும் கூடுகிறது என்பது அந்த அறிக்கைகள் சொல்லும் செய்தி.

நாகப்பட்டினம், வேதாரண்யம், சீர்காழிப் பக்கம் கோடைப் பயிராக வனாமி இறால் விட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கக் காரணம் உண்டு. மீனின் உடல் ஒரு கிருமியை நினைவில் வைத்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். இறாலுக்கு அந்த ஏற்பாடே கிடையாது, அதனால் ஊசியும் கிடையாது. ஆன்டிபயாடிக் பக்கமும் போக முடியாது. தடை செய்யப்பட்டவற்றின் மிச்சம் இறாலில் தெரிந்தால் ஐரோப்பா சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும். நம் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான்.

விப்ரியோசிஸை உண்டாக்கும் விப்ரியோ பாக்டீரியா கடலிலும் உப்பங்கழியிலும் இயல்பாகவே வாழ்வது. 1909இல் பெர்க்மன் என்ற ஆய்வாளர் பால்டிக் விலாங்குகளில் கண்டு பெயரிட்ட விப்ரியோ ஆங்குயில்லாரம்தான் இன்றும் டேனிஷ் ட்ரவுட்டைத் தாக்குகிறது. நம் குளங்களில் பாராஹீமோலிடிகஸும் ஹார்வேயியும். இவற்றை அடியோடு ஒழிக்க மருந்து தேடுவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. கிருமி பெருகவும் இறால் தளரவும் இடம்கொடுக்காத தண்ணீரை வைத்திருப்பதே வேலை.

முதலில் ஆக்சிஜன். கடல் தண்ணீர் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 6 மில்லிகிராம் சொச்சம்தான். இரவில் பாசியும் அடிச்சேறும் இறாலும் சேர்ந்து அதையும் தின்றுவிடும். விடியுமுன், 4 மணி வாக்கில், குளத்தின் அடிப்பகுதியில் அளந்து பாருங்கள். பகல் அளவை நம்பாதீர்கள். 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் எல்லா ஏரேட்டரும் ஓட வேண்டும், காலைத் தீவனம் தள்ளிப்போக வேண்டும். டீசல் செலவு உறுத்தும்தான். செத்த பயிரின் செலவு அதைவிடப் பெரிது.

அடுத்தது தீவனம். கோடையில் குளம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் அட்டவணையை மூடி வைத்துவிட்டு செக் ட்ரேயைப் பாருங்கள். ட்ரேயில் மிச்சம் இருந்தால் அடுத்த வேளை குறைக்க வேண்டும். பகல் உச்சி வேளைத் தீவனத்தை விட்டாலும் நஷ்டமில்லை. தின்னாத தீவனம் அடியில் அழுகி விப்ரியோவுக்கு இரையாகிறது, அம்மோனியாவாகவும் மாறுகிறது. வெப்பம் ஏறினால் ட்ரவுட் பண்ணையிலும் தீவனத்தைத்தான் முதலில் குறைப்பார்கள். ஆறுகளைக் காக்க டென்மார்க் 1989இலேயே நன்னீர்ப் பண்ணைகளுக்குத் தீவன உச்சவரம்பு வைத்தது. நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. செக் ட்ரேதான் சட்டம்.

அம்மோனியாவின் நச்சு பி.ஹெச். ஏற ஏறப் பெருகும். 8இலிருந்து 9க்குப் போனால் பல மடங்கு. காலை, மாலை பி.ஹெச். வித்தியாசம் 0.5க்குள் நிற்கட்டும். காரத்தன்மை 100க்குக் கீழே போனால் டாலமைட் போடுங்கள். வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும்போது ரிசர்வாயர் குளத்தில் பிளீச்சிங் போட்டு ஆறவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். வாய்க்கால் தண்ணீரை நேராக ஏற்ற வேண்டாம்.

கோடை மழை திடீரென்று கொட்டினால் நல்ல தண்ணீர் மேலே தேங்கி நிற்கும், உப்புத் தண்ணீர் கீழே தங்கி மூச்சுமுட்டும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு ஏரேட்டர்களை ஓட்டுங்கள். அன்றைக்குத் தீவனம் பாதி போதும்.

வாரம் ஒரு முறை தண்ணீரையும் இறாலின் ஈரலையும் விப்ரியோ பரிசோதனைக்குக் கொடுங்கள். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்திலும், சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்திலும் ஆலோசனை கேட்கலாம். பரிசோதனைத் தட்டில் பச்சைக் காலனிகள் வாரத்துக்கு வாரம் கூடினால், இறால் சாகும்வரை காத்திராமல் தீவனத்தைக் குறைத்து அடிச்சேற்றை வெளியேற்றுங்கள். புரோபயாடிக் போடுகிறவர்கள் பிளீச்சிங் போட்ட கையோடு போட வேண்டாம், அந்த நல்ல கிருமிகளும் செத்துப்போகும்.

குளத்தில் இறங்குகிறவர்களையும் மறக்க வேண்டாம். 1994இன் கடும் வெயிலில் டென்மார்க்கில் 11 பேருக்கு விப்ரியோ வல்னிஃபிகஸ் தொற்று வந்தது. கையில் காலில் புண் உள்ளவர்கள், முக்கியமாகச் சர்க்கரை நோயும் ஈரல் நோயும் உள்ளவர்கள், கோடை மாதங்களில் குளத்தில் இறங்காமல் இருப்பதே நல்லது.

ஈரல் வெளுத்து, குடல் காலியாகி, இறால் கரையோரம் ஒதுங்கத் தொடங்கினால் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். மதகை அடைத்து, பிளீச்சிங் போட்டு நிறுத்தி வையுங்கள். செத்த இறாலைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, அன்றைக்கே பக்கத்துக் குளத்துக்காரருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் அந்த வாரம் தண்ணீர் ஏற்றாமல் இருக்கட்டும்.