எட்டாம் துக்கத்துக்கு முன் ஒரு கடமை

தம்பி தங்கைகளே, சாவு வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும். பந்தல் போட ஒருத்தர், பண்டாரத்துக்குப் போன் பண்ண ஒருத்தர், மாலை வாங்க ஒருத்தர், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ரெண்டு பிள்ளைகள். "இறப்பைப் பதிய யார் போறது?" என்று கேட்டுப் பாருங்கள். "பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதில் ஏன் சரியில்லை என்பதே இந்த மாதப் பாடம்.

தீபகற்ப மலேசியாவில் இறப்புப் பதிவு 1957ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. சட்டம் 299 என்று சொல்வார்கள். இறந்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் ஜே.பி.என். எனப்படும் தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துவிட வேண்டும். மனசில் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு: எட்டாம் துக்கத்துக்குப் படையல் போடும்போது இறப்புச் சான்றிதழ் வீட்டில் இருக்கணும். பதினாறு வரை காத்திருந்தால் தாமதப் பதிவாகிவிடும். அதற்குக் கூடுதல் பாரம், கூடுதல் விளக்கம், கூடுதல் அலைச்சல்.

அன்று கிராணி, இன்று நீங்கள்

நம் தாத்தா பாட்டி சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டங்களில் இருந்தபோது இந்தக் கவலை அவர்களுக்கு அவ்வளவாக இல்லை. லயத்தில் ஒருவர் இறந்தால் தோட்ட ஆபீஸில் சொல்லுவார்கள். டிரஸர் வந்து பார்ப்பார். எழுத்து வேலையைக் கிராணி கவனிப்பார். இடுகாடும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும். குடும்பம் அழுது முடிப்பதற்குள் காகிதம் தயாராகிவிடும்.

1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம் மக்கள் ஈப்போ சுற்றுவட்டாரத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தோடு கிராணியும் போனார். அவர் செய்த வேலை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. மலாய் பாரத்தைப் படித்து நிரப்பத் தெரிந்தவர் வீட்டில் யார்? நீங்கள்தான்.

பெயர் எழுதப்படாமல் போனவர்கள்

"என் கொள்ளுத் தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பி வரலை." இந்த ஒரு வரியோடு கதை முடியும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். 1942–43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதையைப் போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் மடிந்தவர்கள் எத்தனையோ பேர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன; பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. ராணுவத்திடம் அவர்களுடைய பட்டியல் இருந்தது. நம்மவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் வைக்கவில்லை. இறந்த தேதி தெரியாமல் திதி கொடுக்கும் வீடுகளைக் கேட்டால், ஒரு பதிவின் அருமை தெரியும்.

என்ன செய்ய வேண்டும்?

1. மருத்துவமனையில் இறந்தால், அங்குள்ள மருத்துவர் மரணத்தையும் அதன் காரணத்தையும் உறுதிப்படுத்தி எழுதிக் கொடுப்பார். அந்தப் பாரங்களை வாங்காமல் உடலை எடுத்து வரப் புறப்படாதீர்கள்.

2. வீட்டில் இறந்தால், உடனே அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கோ போலீஸ் பாலாய்க்கோ போன் செய்து, யார் உறுதிப்படுத்துவார்கள், எந்தக் காகிதம் வேண்டும் என்று கேளுங்கள். நீண்ட காலமாகப் பாலாயிலேயே பெர்மிட் எழுதிக் கொடுப்பது வழக்கம். காரணம் என்ற இடத்தில் "சாக்கிட் துவா", அதாவது முதுமை, என்று எழுதுவார்கள். இப்போது மருத்துவர் உறுதிப்படுத்துவதற்கே முக்கியத்துவம் கூடி வருகிறது. அதனால் பெரியவரின் கிளினிக் அட்டை, மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

3. விபத்து, தற்கொலை, காரணம் தெரியாத திடீர் மரணம் என்றால் போலீஸ் வரும்வரை உடலை நகர்த்தக் கூடாது. பிரேதப் பரிசோதனை தேவைப்படலாம். "உடம்பைக் கீறக் கூடாது" என்று பெரியவர்கள் வருந்துவார்கள். மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

4. அடக்கம் செய்யவோ மின்சுடலைக்குக் கொண்டுபோகவோ "பெர்மிட் மெங்குபூர்" வேண்டும். சுடலையில் கொடுப்பதற்கு முன் அதைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. பிறகு ஜே.பி.என். அலுவலகம். நெருங்கிய உறவினர் ஒருவர் தன் மைகார்ட், இறந்தவரின் மைகார்ட், மருத்துவமனையோ பாலாயோ கொடுத்த பாரங்கள் ஆகியவற்றோடு போக வேண்டும். இறந்தவரின் மைகார்டை அங்கே ஒப்படைத்துவிட வேண்டும். ஆகவே முன்னும் பின்னும் நகல் எடுத்து வையுங்கள். சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவரின் இறப்பையும் பதிய வேண்டும். "அவருக்குத்தான் குடியுரிமை இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்

முகப்பில் நிற்கும்போது மனம் நிதானத்தில் இருக்காது. ஆனாலும் அந்த ரெண்டு நிமிடம்தான் முக்கியம். பெயர், ஐ.சி. எண்ணின் 12 இலக்கங்கள், இறந்த தேதி, இடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படியுங்கள்.

நம் பாட்டிமார்களின் பெயரை அந்தக் காலத்தில் யார் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதி வைத்தார்கள். ஒரே பாட்டி ஐ.சி.யில் லெச்சுமி, இ.பி.எஃப்.இல் லெட்சுமி, திருமணச் சான்றிதழில் லட்சுமி என்று இருப்பார். "சரியான தமிழ்ப் பெயரைப் போட்டுடலாம்" என்று ஆசைப்படாதீர்கள். மைகார்டில் உள்ளபடியே இருக்கட்டும். மற்ற இடங்களில் எழுத்து மாறியிருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் கேட்பார்கள். அதைப் பெசுருஹ்ஜெயா சும்பா முன்னிலையில் செய்துகொள்ளலாம்.

சான்றிதழ் இல்லாவிட்டால்?

அப்பா இறந்துவிட்டார் என்பது ஊருக்கே தெரியும். வங்கிக்கும் இ.பி.எஃப்.க்கும் அந்தக் காகிதம் சொன்னால்தான் தெரியும். இ.பி.எஃப். சேமிப்பு, பெர்கேசோவின் ஈமச்சடங்கு உதவி, தகுதி இருந்தால் வாரிசு பென்ஷன், காப்புறுதி, வங்கிக் கணக்கு, வீட்டுப் பட்டா, தாத்தா வாங்கி வைத்த கூட்டுறவுப் பங்கு எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது இறப்புச் சான்றிதழைத்தான். 60 வயதுக்கு முன் இறந்த மலேசிய உறுப்பினரின் குடும்பத்துக்கு இ.பி.எஃப். கொடுக்கும் 2,500 வெள்ளி மரண உதவியை 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும். கணவர் பெயரில் வீடு, கையில் பணம் இல்லை, பிள்ளைகள் பள்ளியில் என்று நிற்கும் ஓர் அம்மாவுக்கு ஒரு மாதத் தாமதம்கூடப் பெரிய சுமை.

அந்த அம்மாவிடம் அடுத்ததாகக் கேட்பது திருமணச் சான்றிதழ். 1982 மார்ச் 1க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியவர்கள் சட்டப்படி பதிவும் செய்திருக்க வேண்டும். அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. ஆனாலும் ஆதாரங்களைத் தேடி வைப்பது நல்லது. ஆக, சாவுக்கான காகிதத்தைச் சரிசெய்வது உயிரோடு இருக்கும்போதே தொடங்கும் வேலை.

பழைய இறப்பு ஒன்றின் சான்றிதழ் தொலைந்திருந்தால், பதிவேட்டில் தேடித் தரும்படி ஜே.பி.என்.இல் விண்ணப்பிக்கலாம். பெயர், தோட்டத்தின் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற விவரங்களைப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர்களும் போன பிறகு கேட்க ஆள் இருக்காது.

வகுப்பில் பேச, வீட்டில் செய்ய

அ) உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த இறப்பை யார், எத்தனையாவது நாளில் பதிந்தார்கள்? என்ன சிரமம் வந்தது?

ஆ) அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி ஆகியோரின் ஐ.சி., திருமணச் சான்றிதழ், இ.பி.எஃப். அறிக்கை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயர் எழுத்தை ஒப்பிடுங்கள். இ.பி.எஃப்.இல் வாரிசு நியமனம் செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். "ஏன்டா, நான் சாகணும்னு பாக்கிறியா?" என்று பாட்டி கேட்டால் சிரித்துக்கொண்டே, "இல்ல பாட்டி, வகுப்புல குடுத்த வேலை" என்று சொல்லுங்கள்.

இ) அடுத்த முறை அக்கம்பக்கத்தில் சாவு விழுந்தால், மாலையோடு போய் நின்றுவிட்டு வராதீர்கள். அந்த வீட்டுப் பெரியவரிடம் மெதுவாக, "மாமா, பெர்மிட் வாங்கியாச்சா? ஜே.பி.என்.க்கு நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்கு உங்களைவிட வேண்டியவர் யாரும் இருக்க மாட்டார்கள்.