பேரேட்டில் அடங்காத கடன்



வியாபாரிகளாகிய நமக்குக் கடன் என்றால் என்னவென்று ஒருவர் சொல்லித் தரத் தேவையில்லை. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். தொகை தீர்ந்தால் குறுக்கே ஒரு கோடு. ஆனால் எந்தப் பேரேட்டிலும் அடங்காத கடன் ஒன்று உண்டு. அதுதான் கஷ்ட காலத்தில் பிறர் நமக்குச் செய்த உபகாரம். செய்தவர் மறைந்து போயிருக்கலாம். அவர் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரியாமலிருக்கலாம். அப்போது அக்கடனை யாரிடம் செலுத்துவது? நான் அதிகம் படித்தவனல்லன். எனினும் அயர்லாந்து தேசத்தாரின் சரித்திரத்தில் இக்கேள்விக்கு நல்ல விடை ஒன்று கிடைத்தது. அதையே இம்மாதப் பாடமாக எழுதுகிறேன்.

பஞ்சம் வந்த விதம்

நமக்கு அரிசி எப்படியோ, அப்படி அந்நாட்டு ஏழைகளுக்கு உருளைக்கிழங்கு. 1845-ஆம் ஆண்டில் அந்தப் பயிரை ஒரு நோய் தாக்கிற்று. செடிகள் கறுத்துக் கருகின. மண்ணுக்குள் இருந்த கிழங்கும் அழுகிப் போயிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அவ்வாறே நேர்ந்து, 1852 வரை பஞ்சம் நீடித்தது. சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். ஏறக்குறைய அதே அளவு மக்கள் ஊரை விட்டுக் கப்பலேறினர்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்நாளில் அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மக்கள் பட்டினி கிடந்த அதே காலத்தில் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன. சரக்கு இருந்தது, ஏழையின் கையில் காசுதான் இல்லை. சந்தை மட்டும் ஒரு ஜனசமூகத்தைக் காப்பாற்றி விடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கொடுத்தவர்கள் யார்?

1847-ஆம் ஆண்டுதான் மிகவும் கொடிய ஆண்டு. அவ்வாண்டில் துருக்கி சுல்தான் அப்துல் மஜீத் 1,000 பவுன் அனுப்பினார். அவர் அப்போது வாலிபர். அயர்லாந்துப் பிரமுகர்கள் கையெழுத்திட்டு அவருக்கு நன்றிக் கடிதம் அனுப்பினர். நம் இந்தியாவிலே கல்கத்தாவிலும் பம்பாயிலும் அப்பஞ்சத்துக்காக நிதி திரட்டினார்கள்.

இவர்களெல்லாம் ஓரளவு வசதியுள்ளவர்கள். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் கொடுத்த இன்னொரு கூட்டத்தாரைப் பாருங்கள். அமெரிக்காவின் பூர்வகுடிகளில் சாக்டா என்பவர்கள் ஓர் இனத்தார். 1831 முதல் அவர்களை அமெரிக்க அரசாங்கம் மிசிசிப்பியிலிருந்த சொந்த பூமியை விட்டுக் கிளப்பி, இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதிக்கு அனுப்பிற்று. கடுங்குளிரிலும் பசியிலும் காலராவிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அது நடந்து பதினாறே ஆண்டுகள். அவர்களே அப்போதுதான் வீடு கட்டிக் குடியேறி வந்தார்கள். அந்த நிலையில், கடலுக்கு அப்பால் தாங்கள் கண்டிராத ஒரு வெள்ளை இனத்தார் பசியால் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கூட்டம் கூடி 170 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

நிறம் வேறு, பாஷை வேறு, தேசம் வேறு. பசி மட்டும் அவர்களுக்குத் தெரிந்த பசி.

கடன் தீர்த்த விதம்

அயர்லாந்து மக்கள் அந்த 170 டாலரை மறக்கவில்லை. 1995-இல் அந்நாட்டு ஜனாதிபதி மேரி ராபின்சன் அம்மையார் சாக்டா மக்களிடம் நேரில் சென்று நன்றி கூறினார். 2017-இல் கார்க் மாவட்டத்து மிடில்டன் நகரில் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. கழுகின் இறகுகளைப் போன்ற ஒன்பது எஃகு இறகுகள் வட்டமாக நிற்கின்றன; ஒவ்வொன்றும் இருபது அடி உயரம்.

நினைவுச் சின்னத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1968-இல் நைஜீரியாவின் பயாபரா பகுதியில் உள்நாட்டுப் போரால் பஞ்சம் வந்தபோது, கன்சர்ன் என்ற உதவி ஸ்தாபனத்தை அயர்லாந்தில் ஆரம்பித்து உணவும் மருந்தும் அனுப்பினார்கள். 1972 முதல் அது பங்களாதேஷிலும் பணியாற்றத் தொடங்கிற்று.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது, அமெரிக்காவின் நவஹோ, ஹோப்பி என்னும் பூர்வகுடிகள் மிகவும் துன்புற்றனர். கை கழுவக் குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் அங்கே ஏராளம். அவர்களுக்கு உணவும் தண்ணீரும் வழங்க ஒரு நிதி தொடங்கப்பட்டது. உடனே அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினர். 1847-இல் எங்களுக்குக் கிடைத்த உதவிக்குக் கைம்மாறு இது என்று பலர் குறிப்பும் எழுதினர்.

சகோதரர்களே, இங்கேதான் பாடம் இருக்கிறது. கொடுத்தவர்கள் சாக்டாக்கள், பெற்றவர்களோ நவஹோக்களும் ஹோப்பிகளும். “நீங்கள் எங்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே, உங்களுக்கு ஏன் தர வேண்டும்?” என்று அயர்லாந்துக்காரர்கள் கணக்குப் பார்க்கவில்லை. 173 ஆண்டு சென்றும் கடன் காலாவதியாகி விட்டதென்று சொல்லவுமில்லை.

என் சொந்தக் கணக்கு

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து என் ஜவுளிக்கடை அடைபட்டுக் கிடந்தது. எங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் நேபாளத்து வேலையாட்கள் பதினெட்டுப் பேர் வேலையும் சம்பளமும் இன்றி இருந்தார்கள். அவர்களுக்கும் அரிசி கொடுக்கலாமா என்று நண்பர்களுக்குள் பேச்சு வந்தது. “நம் ஆட்களுக்கே போதவில்லை, முதலில் நம்மவரைப் பார்ப்போம்” என்று சொன்னவன் நான்தான்.

அப்போது பெரியவர் ஒருவர், “தம்பி, உங்க அத்தாவுக்கு அரிசி கொடுத்த தவுக்கே நம்மவரா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அத்தாவின் கடை தீப்பிடித்துச் சாம்பலாயிற்று. ஐந்து மாத காலம் எங்கள் வீட்டு அரிசி, எண்ணெய், சீனி, பால் டின் எல்லாம் மூலைக்கடைச் சீனத் தவுக்கே கொடுத்தவைதான். ஈடு கேட்கவில்லை, ஒரு 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அத்தா பிறகு காசு முழுவதையும் கட்டித் தீர்த்தார். ஆனால் எரிந்துபோன கடைக்காரனை நம்பிச் சாமான் கொடுத்தாரே, அந்த நம்பிக்கைக்கு என்ன விலை? அது தீரவில்லை. தவுக்கே காலமாகிவிட்டார், அவர் பிள்ளைகள் கடையை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார்கள்.

மறுநாள் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஐந்தும், பருப்பும், எண்ணெயும் அந்த வீட்டில் இறக்கினேன். பெரிய தர்மம் என்று சொல்ல வரவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் நிலுவையிலிருந்த கடனில் ஒரு தவணை, அவ்வளவே.

சிந்திக்க வேண்டியவை

1. காசுக் கடனைக் கொடுத்தவரிடமே தீர்க்க வேண்டும். நன்றிக் கடனைக் கொடுத்தவரிடம் தீர்க்க முடியாமற் போனால், அன்று நாம் இருந்த நிலையில் இன்று இருப்பவரிடம் தீர்க்கலாம்.

2. கொடுப்பதற்குச் செல்வம் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாக்டாக்கள் செல்வந்தராக இருந்து கொடுக்கவில்லை.

3. பெற்ற உதவியைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு தலைமுறையில் அந்தக் கணக்கு அழிந்துவிடும். அத்தா சொல்லியிருந்தும் நானே மறந்திருந்தேன்.

ஆகவே, இன்றிரவு கடையடைத்துக் கல்லாக் கணக்கை முடித்த பின், ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் இனமும் மார்க்கமும் அல்லாதவர்களில், நமக்கோ நம் பெற்றோருக்கோ கை கொடுத்தவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் கடை அடையாளமாவது எழுதுங்கள். அந்தத் தாள் நிறையும். அதிலிருந்து ஒன்றை இவ்வாண்டு யாரிடம் செலுத்துவது என்று யோசிப்போமாக.