தோட்டத்துக்கு இழுக்கும் வயர்

லயத்துக்குப் பின்னால் போஞ்சி, கோவா, லீக்ஸ் போட்டிருப்போம். தண்ணி இறைக்க ஒரு மோட்டர் வேணும். மாட்டுப்பட்டியில் இரவு பால் கறக்க ஒரு பல்ப் வேணும். "காம்பராவிலிருந்து ஒரு வயர் இழுத்தால் சரிதானே" என்று வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் வயரை எடுக்கிறோம். அங்கேதான் பிழை விடுகிறோம்.

வீட்டு வயருக்கு வெளியே மூன்று எதிரிகள் உண்டு: வெயில், மழை, மண்வெட்டி. வெயிலில் மேலுறை காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் மழைத்தண்ணி இறங்கும். மண்ணில் புதைத்தால் ஒருநாள் மண்வெட்டி வெட்டும். தகரக் கூரையிலோ உடுப்புக் காயப்போடும் கம்பியிலோ வயர் உரசி உறை தேய்ந்தால், தகரம் முழுதும் கரண்ட் ஏறும். தொடுவது நம்ம பிள்ளையாக இருக்கலாம்.

எதை வாங்குவது?

1. வகை: மண்ணுக்குள் போவதற்கு இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர் கேபிள். இரண்டு அடி ஆழத்தில் புதைத்து, அதற்கு மேல் எச்சரிக்கை நாடா அல்லது ஓடு வைத்து மண் மூடவேணும். இடத்துக்கு இடம் தூக்கிப் போகும் மோட்டருக்கு, வெளியே பாவிக்கவென்று செய்த கறுப்பு ரப்பர் உறை கேபிள். மணி அடிக்கும் மெல்லிய வயர் எதற்கும் ஆகாது.

2. கனம்: தூரம் கூடினால் கரண்டின் பலம் குறையும். 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறக்குறைய 6 அம்பியர் இழுக்கும் என்று வைப்போம். 40 மீற்றர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. வயர் போட்டால் 10 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். 2.5 சதுர மி.மீ. (கடையில் 7/0.67 என்பார்கள்) போட்டால் 4 வோல்ட் அளவுதான். மோட்டர் கிளம்பும் நேரம் இழுவை பல மடங்கு. மெல்லிய வயரில் மோட்டர் திணறும், சூடேறும், எரியும்.

3. ஏர்த்: மோட்டருக்கு மூன்று கம்பி கட்டாயம். மூன்றாவது, பச்சை மஞ்சள் ஏர்த். இரண்டு கம்பி வயரில் அது இல்லை.

4. ட்ரிப் சுவிட்ச்: 60 வாட் குண்டு பல்ப் இழுப்பது சுமார் 260 மில்லி அம்பியர். மனித உடம்பில் 30 மில்லி அம்பியருக்கு மேல் பாய்ந்தாலே உயிராபத்து. அந்த அளவுக்கு பியூஸ் போகாது, ஆள் போய்விடுவார். ஆகவே 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கவேணும். மாதம் ஒரு தடவை அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

வெளியே டேப் சுற்றிய மூட்டு வேண்டாம். தண்ணி புகாத பெட்டிக்குள்தான் மூட்டு இருக்கவேணும். காட்டுப்பன்றிக்கு என்று கரண்ட் வயர் கட்டாதீர்கள். அது சட்டப்படி குற்றம், மனிதர்களைக் கொன்றிருக்கிறது. வேலையை பயிற்சி பெற்ற எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள்.

யாருக்காவது கரண்ட் பிடித்தால் கையால் இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு 1990க்கு அழையுங்கள்.

இன்றைக்கே பாருங்கள்:
உங்கள் வெளி வயர் கூரையில் படுகிறதா?
உறையில் வெடிப்பு உண்டா?
ஏர்த் கம்பி இருக்கிறதா?

ஒன்றுக்காவது பதில் சரியில்லை என்றால், திருத்தும்வரை அந்த பிளக்கைக் கழற்றி வையுங்கள்.