மனத்தில் ஓடும் கதை

கேள்வி: மனத்தில் முழுதாக ஓடுகிற கதை, எழுத உட்கார்ந்ததும் செத்துவிடுகிறது. எனக்குத் திறமை இல்லையா?
– ஒரு வாசகர், சேலையூர்

பதில்: திறமையைச் சந்தேகிக்கும் முன், மனத்தில் இருப்பது முழுக்கதைதானா என்று பாருங்கள். உங்கள் பகுதியின் கேம்ப் ரோடு சந்திப்பில் இரவில் ஒரு பெண் பேருந்துக்குக் காத்திருக்கிறாள் என்று நினைத்தாலே துயரம் வந்துவிடும். அவள் கையில் என்ன இருக்கிறது, யார் முதலில் பேசுவது, யாருடைய கண்வழியே அவளைப் பார்க்கிறோம் என்பதையெல்லாம் தீர்மானிக்காமலே கற்பனை நகர்ந்துவிடும். எழுத்து அப்படி நகரவிடாது; ஒவ்வொரு வாக்கியமும் உங்களிடம் ஒரு முடிவைக் கேட்கும். நீங்கள் தடுமாறுவது அங்கேதான். எல்லோரும் தடுமாறிய இடம் அது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் ‘மதாம் பொவாரி’க்கு 1851 முதல் 1856 வரை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் செலவிட்டார்.

கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதினார், ஆனால் ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ என்று தொடர்கள் எழுதிப் பழகிய கை அது, அச்சகமும் காத்திருந்தது. அந்த வேகத்தை முதல் கதையிலேயே எதிர்பார்ப்பது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ ‘சரஸ்வதி’ இதழில் தொடங்கி, இடையில் நின்று, 1966-இல்தான் முழு நூலாக வந்தது. நின்றுபோன கதையை மீண்டும் எடுக்கலாம். ஆகவே முதல் பிரதி மோசமாக வந்தாலும் கடைசிவரி வரை எழுதிவிடுங்கள். திருத்துவதற்குத் தாளில் ஏதாவது இருக்க வேண்டும்.